இரண்டு பனி

நவம்பர் 17, திங்கள்

மூன்று நாளாகச் சின்னம்மாவுக்குக் காய்ச்சல். தைலப்புல் அறுக்கப் போனபோது தலைக்குத் துணி கட்டிக்கொள்ளவில்லை, பனி இறங்கிவிட்டது என்கிறாள். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த கஷாயத்தை இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தம்ளரை என்னிடமே நீட்டினாள். நெற்றி கொதிக்கிறது. காய்ச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்வாளாம், தலைவலிதான் தாங்கவில்லையாம்.

கேரள மலையில் இருக்கும் எங்கள் காந்தலூரில் பனி என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தமிழ் பேசும் எங்களுக்கு அது விடியலில் பூண்டுத் தாள்மேல் நிற்பது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். "பனிதான் காரணம்" என்று மலையாளம் மட்டும் தெரிந்த ஒருவரிடம் சின்னம்மா சொன்னால், காய்ச்சலுக்குக் காய்ச்சலே காரணம் என்று ஆகிவிடும். சிறு வயதில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இன்று சிரிப்பு வரவில்லை. கோயம்புத்தூரில் இருபத்திரண்டு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். ஐயாயிரம் அடி உயரத்தில், புல்லில் நின்று வேலை செய்கிற பெண்ணுக்குக் கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் விடாத காய்ச்சல் என்றால் மனது ஓரிடத்தில் நிற்பதில்லை.

நவம்பர் 19, புதன்

உள்ளாட்சித் தேர்தலுக்காக மைக் கட்டிய ஜீப்புகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே எங்கள் ஜீப்பும் இறங்கியது. கீழே ஒரு கிளினிக்கில் காட்டினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். சின்னம்மாவுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். நாடி, தெர்மாமீட்டர், "விடால் எடுங்க." அரை மணி நேரத்தில் பாசிட்டிவ் என்று சீட்டு வந்தது. டைபாய்டு. ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விடால் பரிசோதனை 1896இல் வந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு மருந்து. ஆட்டினால் மணல் மணலாகத் திரளும், அவ்வளவுதான். டைபாய்டு காலங்காலமாக இருக்கிற ஊரில் பழைய தொற்றுக்கும் அது திரளும், வேறு காய்ச்சலுக்கும் திரளும். ஒரே ஒரு முறை எடுத்த விடாலை நம்பி டைபாய்டு என்று முடிவுகட்டக் கூடாது என்று படிப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் நானே எத்தனை ஆயிரம் சீட்டில் பாசிட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்தச் சீட்டோடு போனவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சீட்டு கவுண்டரைத் தாண்டியதும் என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அதற்காக இன்று வருந்துகிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

ஏழாம் நாள். ஊசி போட்டும் காய்ச்சல் 103க்குக் கீழே இறங்கவில்லை. விடியற்காலையில் சின்னம்மாவுக்கு மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கியது. பேச்சும் கொஞ்சம் தடுமாறியது. செத்துப்போன என் அம்மாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பக்கம் பார்க்கலாம். மூணாறு வழியாக இடுக்கி மாவட்டத்துக்குள்ளேயே போகலாம், அது மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் பாதை. இல்லையென்றால் மறையூர் இறங்கி, சின்னாறு காட்டைத் தாண்டித் தமிழ்நாட்டு உடுமலைக்குப் போகலாம். ரேஷன் கார்டு கேரளத்தில், உறவும் சந்தையும் தமிழ்நாட்டில் என்று வாழ்கிற ஜனம் நாங்கள். நோய் வந்தால் கால் தானாக உடுமலைக்குத்தான் திரும்பும். சின்னாறு தாண்டியதும் சாலையில் ஒற்றை யானை. டிரைவர் தம்பி வண்டியை நிறுத்தி, லைட்டையும் அணைத்துவிட்டான். நாற்பது நிமிடம். பின்சீட்டில் என் மடியில் சின்னம்மாவின் தலை. அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.

சேர்த்த இடத்தில் உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். டெங்கு நெகட்டிவ். மலேரியா நெகட்டிவ். தட்டணுக்கள் 62,000. கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன. ஸ்க்ரப் டைபஸ் அட்டைப் பரிசோதனையும் நெகட்டிவ். "வைரல் காய்ச்சலா இருக்கலாம், பார்ப்போம்" என்றார் இரவு டூட்டியில் இருந்த இளம் டாக்டர். அவர் முகத்திலும் தூக்கமில்லை.

நவம்பர் 22, சனி

நேற்றிரவு நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

பதினொரு மணிக்குச் சின்னம்மாவுக்கு வியர்த்து ஊற்றியது. துணி மாற்ற வேண்டும் என்று சிஸ்டரிடம் சொன்னேன். வார்டில் பன்னிரண்டு கட்டில், பாதிக் கட்டிலருகே ஆண்கள் துணைக்கு உட்கார்ந்திருந்தார்கள். மறைப்பு இல்லை. அந்த சிஸ்டர் மகராசி, வேறொரு வார்டிலிருந்து மடக்குத் திரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து விரித்தார். திரைக்குள் சின்னம்மாவின் பாவாடை நாடாவைத் தளர்த்தினேன். வருடக்கணக்காக இறுக்கிக் கட்டியதில் இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்துக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தபோது, இடப்பக்கம், நாடா முடிச்சு உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, விரல் தட்டுப்பட்டது.

மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் கன்னங்கரேலென்று காய்ந்த பொருக்கு, சுற்றிலும் செம்பட்டையாக ஒரு வளையம். சிகரெட்டை வைத்து அழுத்தி எடுத்த மாதிரி. தொட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை, வலியே இல்லை. தொடைமடிப்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நெறி கட்டியிருந்தது.

"இது எப்ப வந்துச்சு சின்னம்மா?"

"நாடா ஒரசுன புண்ணுடி. அதப் போயி டாக்டருகிட்டக் காட்டுவாங்களா?"

எஸ்கார் என்பார்கள் அதை, ஸ்க்ரப் டைபஸின் கடிவாய் அடையாளம். படத்தில் நூறு முறை பார்த்திருக்கிறேன், ஆளின் உடம்பில் பார்த்தது இதுதான் முதல் தடவை. சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஓடினார். டாக்டர் வந்து குனிந்து பார்த்தவர் நிமிரும்போதே மருந்தின் பெயரைச் சொன்னார். டாக்சிசைக்ளின், கூடவே அசித்ரோமைசின், இரண்டும் ரத்தக்குழாய் வழியாக. நள்ளிரவு 12.20க்கு முதல் டோஸ் ஏறியது.

நவம்பர் 24, திங்கள்

இன்று காலை 99. சின்னம்மா இட்லி கேட்டாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நான் கும்பிட்டேன். அவர் கூச்சப்பட்டு, "கண்டுபிடிச்சது நீங்கதாங்க" என்றார்.

ஸ்க்ரப் டைபஸ் முதலில் நெகட்டிவ் வந்ததில் தப்பு யாருடையதும் இல்லை. அட்டைப் பரிசோதனை தேடுவது கிருமியை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது தேடினால் அகப்படும் அளவுக்குச் சேர ஒரு வாரமாவது ஆகும். நோயாளியோ முதல் வாரத்தில்தான் வருகிறார். கிருமியையே நேராகத் தேடும் பிசிஆருக்கு மாதிரியை நகரத்துக்கு அனுப்ப வேண்டும். சின்னம்மாவுக்கு மறுபடி எடுத்த ரத்தத்தை எலைசா பரிசோதனைக்குக் கோவைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெயில்-பெலிக்ஸ் என்ற 1916ஆம் ஆண்டுப் பரிசோதனைதான் இதற்குக் கதி. புரோட்டியஸ் என்கிற வேறொரு கிருமியின் உடம்பைக் காட்டி இந்தக் கிருமியை ஊகிக்கிற வேலை அது. நோய் இருக்கும்போதே பலமுறை இல்லை என்று சொல்லிவிடும்.

கேரளத்தில் ஸ்க்ரப் டைபஸின் பெயர் செள்ளுப்பனி. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். கடிப்பது செள்ளும் இல்லை, மாட்டில் ஒட்டும் உண்ணியும் இல்லை. கண்ணுக்கு எட்டாத ஒரு சிற்றுயிரின் இளம்பருவம், அப்போது அதற்கு ஆறே கால். புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். எலி போனால் எலியில் ஏறும், ஆள் போனால் ஆளில் ஏறும். துணி இறுகும் இடமாகத் தேடி, இடுப்பு, அக்குள், மார்புக்கு அடி, தொடையிடுக்கு என்று போய் உட்காரும். கடித்தது தெரியாது. ஒன்றரை வாரம் கழித்துக் காய்ச்சல் வரும்போது புல் அறுத்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கிருமி செல்லுக்குள் புகுந்து வாழ்வது. அதனால் டைபாய்டுக்குப் போடும் செப்ட்ரியாக்சோன் ஊசி இதனிடம் செல்லாது. விடால் சீட்டின் ஆபத்து இங்கேதான். தப்பான பெயரை வைத்துவிட்டு, சரியான மருந்துக்கான நாட்களை அது தின்றுவிடுகிறது. நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று நோய் ஏறும் நாட்கள் அவை.

இதில் என்னை உறுத்துவது, இது புதிய நோய் இல்லை என்பதுதான். இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா முனையில் சிப்பாய்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. 1948இல் ஜோசப் ஸ்மேடல் என்ற மருத்துவர் குழுவோடு கோலாலம்பூருக்குப் போய், குளோராம்பெனிகால் இதைக் குணப்படுத்தும் என்று காட்டினார். மருந்து கிடைத்து முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. டாக்சிசைக்ளின் மாத்திரை ஒரு டீ விலைக்குள் அடங்கும். 2023இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்நின்று, இந்தியாவில் ஏழு இடங்களில், நோய் முற்றிய கிட்டத்தட்ட 800 பேரிடம் சோதித்து, ஒற்றை மருந்தைவிட டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்ந்தால் பலன் கூடுதல் என்று காட்டினார்கள். சேர்த்துக் கொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மரணமோ, நீடித்த சிக்கலோ, விடாத காய்ச்சலோ நேர்ந்தது. ஒற்றை மருந்தில் அது பாதியை நெருங்கியது. எங்கள் டாக்டர் அந்த இரவில் யோசிக்காமல் இரண்டையும் எழுதியதற்குப் பின்னால் அந்த ஆய்வு இருக்கிறது. 2025இல் வந்த இன்னொரு ஆய்வுக்காகத் தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் 32,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். சில ஊர்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர்வரை இந்தத் தொற்று தொட்டுவிட்டுப் போகிறதாம். அநேகருக்குக் காய்ச்சலே வராமல் போய்விடும். வருகிறவர்களில் எத்தனை பேர் டைபாய்டு சீட்டோடு வீடு திரும்பியிருப்பார்கள்?

நவம்பர் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். எலைசா முடிவும் போனில் வந்தது. பாசிட்டிவ். தெரிந்ததுதான் என்றாலும் அழுதுவிட்டேன்.

படுத்தால் அந்த மடக்குத் திரைதான் கண்ணுக்குள் நிற்கிறது. எல்லோரும் கருவி இல்லை, லேப் இல்லை, தூரம் அதிகம் என்கிறார்கள். நானும் இத்தனை வருடம் அதையேதான் சொன்னேன். அதெல்லாம் வேண்டும்தான், கட்டாயம் வேண்டும். ஆனால் சின்னம்மாவைக் காப்பாற்றியது ஒரு துணித்திரையும், டார்ச் அடிக்க ஒரு பெண்ணும், ஐந்து நிமிடமும். எஸ்கார் எல்லோருக்கும் இருக்காது, கறுத்த தோலில் எளிதில் தெரியவும் தெரியாது. இருக்கிறவர்களுக்கோ அது பெரும்பாலும் துணிக்கு உள்ளேதான் இருக்கிறது. பதினெட்டாவது ஆளாக, அரைக்கதவு திறந்த அறையில், ஆண் டாக்டர் முன்னால், ஐம்பத்தெட்டு வயது மலைக்காட்டுப் பெண் நாடாவைத் தளர்த்துவாள் என்று யார் எதிர்பார்க்க முடியும்? கேட்டால்தானே சொல்ல. கேட்க நேரம் இல்லை. நேரம் இருந்தாலும், நோயாளி ஒரு பனியைச் சொல்ல, டாக்டர் இன்னொரு பனியைக் கேட்கிறார்.

மேலே முதுவான் பழங்குடியினரின் குடிகளில் இருப்பவர்களை நினைத்தால் அடிவயிறு பிசைகிறது. ஜீப் ஏறவே மணிக்கணக்கில் நடக்க வேண்டும். அவர்கள் அறுக்காத புல்லா?

டிசம்பர் 2, செவ்வாய்

ஆஷா சுகாதாரப் பணியாளராக வேலை பார்க்கும் அக்கா வந்திருந்தார். நான் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். சின்னம்மாவிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் காட்டினேன். அக்கா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. போன வருடம் ஒரு குடியில் காய்ச்சலில் போன பெண்ணைக் குளிப்பாட்டும்போது அக்குளில் இதே மாதிரி பார்த்ததாகச் சொன்னார். "தீக்காயம்னு நெனச்சோம்."

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல், கேரட் தோட்டத்து வரப்பில் விளையாடினானாம், பனி பட்டிருக்கும் என்றாள். நான் எழுவதற்குள் சின்னம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இன்னும் கால் நடுங்குகிறது அவளுக்கு. கதவைச் சாத்தி, லைட்டைப் போட்டு, "சட்டையக் கழட்டு சாமி" என்று பையனைப் பாயில் உட்காரவைத்தாள்.

"அக்குளப் பாரு. காதுக்குப் பின்னால பாரு. டவுசர எறக்கு, வெக்கப்படாத, எல்லாம் நம்ம வீட்டு ஆளுகதான்."