எமது பழைய வண்டி

பழம்பொருளைப் பேணுதல் இன்பம்; அதனை விற்றலோ பரீட்சை. இவ்விரண்டையும் ஒரே மோட்டார் சைக்கிளால் யாம் அறிந்தோம்.

அது ஆங்கில நாட்டு ஏரியல் ஸ்கொயர் போர் என்னும் வண்டி. எட்வர்ட் டர்னர் என்பார் வகுத்த இவ்வினம் 1930ஆம் ஆண்டில் லண்டன் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பெற்றது. 1959ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. பெரும்பாலான வண்டிகள் ஒன்றோ இரண்டோ சிலிண்டர்கள் கொண்டிருந்த காலத்தில், இதற்கு முன்னிரண்டும் பின்னிரண்டுமாக நான்கு சிலிண்டர்கள் சதுரமாக அமைந்திருந்தன. எமது வண்டி 1951ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. எஞ்சின் 997 கன சென்டிமீட்டர். ஓசை இனிது, ஓட்டமும் இனிது. ஆயினும் ஒரு குறை உடன்பிறந்தது. முன்னிரண்டு சிலிண்டர்கள் காற்றை மறைத்தலால் பின்னிரண்டும் மிகச் சூடேறும்.

எம் தந்தையார் 1958ஆம் ஆண்டில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரிடம் அதனை வாங்கினார். தாயகம் திரும்பவிருந்த அத்துரை, பணத்தைப் பெறுமுன் பின்சிலிண்டர்களைச் சுட்டிக்காட்டி, "பத்து மைலுக்கொருமுறை நிழலில் நிறுத்தும்" என்றாராம். தந்தையார் அச்சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை. 1971ஆம் ஆண்டில் அவர் எம்மை நம் கல்லூரி விடுதிக்குக் கொணர்ந்தபொழுதும் வழியில் இருமுறை புளியமரத்தடியில் காத்திருந்தோம்.

அவருக்குப்பின் வண்டி எம்மிடம் வந்தது. ஒருநாள், திருமண முகூர்த்தம் தவறுமென்று அஞ்சி, நிறுத்தாது ஓட்டினோம். சிலிண்டர்த் தலையின் பின்புறம் விரிசல் கண்டது. பற்றவைத்து மெருகிட்டோம், கழற்றிப் பார்த்தாலன்றி அது புலப்படாது.

2019ஆம் ஆண்டில், உதைத்துக் கிளப்பும் வலிமை எம் முழங்காலை விட்டகன்றது. மனையாளின் சிகிச்சைக்கு வாங்கிய கடனும் நெருக்கிற்று. விலைபேச ஓர் இளைஞர் வந்தார். குளிர்ந்திருந்த வண்டி ஓருதையிற் கிளம்பிற்று. கேட்ட விலைக்கு அவர் இசைந்தார். எம் பழைய மெக்கானிக் எம்மைத் தனியே அழைத்து, "கேட்டால் சொல்லுங்கள், ஐயா, கேளாததைச் சொல்வானேன்?" என்றார். கடன் முழுதும் தீரக்கூடிய தொகை அது. சற்று நேரம் யாம் வாய்திறவாது நின்றோம் என்பதை ஈண்டு மறைப்பதற்கில்லை. பின்னர், பெயரும் அறியாத அத்துரையின் நினைவு வந்தது. விரிசல் இருக்குமிடத்தையும் அது எம்மால் நேர்ந்த விதத்தையும் சொல்லிவிட்டோம்.

இளைஞர் முகம் வாடிச் சென்றார். மறுநாள் மீண்டு வந்து, விலையில் நான்கிலொரு பங்கு குறைத்து வண்டியைப் பெற்றுக்கொண்டார். எஞ்சிய கடனை ஓய்வூதியத்திலிருந்து இரண்டாண்டு கட்டித் தீர்த்தோம்.

வண்டி தெருமுனை கடந்தபின்னும் அதன் ஓசையைச் செவி தேடிற்று. ஒரு நாழிகை கழிந்து தொலைபேசி ஒலித்தது. "ஐயா, பத்து மைல் வந்துவிட்டேன். மரநிழலில் நிறுத்தியிருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும்?" என்று இளைஞர் வினவினார்.

தந்தையார் காத்திருந்த நேரத்தையே சொன்னோம்.