தள்ளு மாடல்

தன்னார்வலர் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: பழைய வண்டிகளோடு முன்னனுபவம் உண்டா? பதினான்கு வருடமாக டெட்ராய்ட்டில் ஒரு கார் கம்பெனியில் பிரேக் வடிவமைக்கிறேன் என்று எழுதியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, 'சின்ன வயதில் அம்பாசிடர் தள்ளியிருக்கிறேன்' என்று எழுதினேன். பொய்யில்லை. மாமாவின் காருக்கு எங்கள் தெருவில் 'தள்ளு மாடல்' என்றுதான் பெயர். அவர் வெளியூர் கிளம்ப வேண்டுமென்றால் நாலு பையன்கள் வேண்டும். செகண்ட் கியரில் போட்டு அவர் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, புகையை எங்கள் முகத்தில் விட்டுவிட்டு ஓடும்.

படிவத்தைப் படித்த பெரியவர் சிரித்துவிட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மிச்சிகனில் கலமசூ நகரத்துக்கு வெளியே ஒரு பொருட்காட்சித் திடல். அக்டோபர் மாதத்துக் குளிர், விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. காலமாகிவிட்ட ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கார்களை வாரிசுகள் ஏலம் விடுகிறார்கள். கொட்டகைகளில் நெருக்கியடித்து நிற்கும் கார்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வரிசைப்படுத்தி, முறை வரும்போது மேடைக்குக் கொண்டுபோய், விலை படிந்ததும் மறுபக்கம் இறக்கிவிட வேண்டும். இதுதான் எங்கள் வேலை. பன்னிரண்டு பேரில் நான்தான் இளையவன், நாற்பத்தொன்று. மற்றவர்கள் பெரும்பாலும் டெட்ராய்ட், லான்சிங், ஃபிளின்ட் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். குழுத்தலைவரான பெரியவருக்கு எழுபத்தெட்டு.

முதல் வேலையாக எங்கள் கைகளையும் இடுப்பையும் சோதித்தார். மோதிரம், கடிகாரம், சட்டைப்பையில் பேனா, தொங்கும் சாவிக்கொத்து எதுவும் கூடாது. பெல்ட் பக்கிளை விலாப்பக்கம் திருப்பிவிடச் சொன்னார். குனிந்து தள்ளும்போது பக்கிள் போடும் ஒரு கீறல், பெயின்ட்டில் ஆயிரக்கணக்கான டாலரைச் சுரண்டிவிடும்.

அடுத்து, எங்கே தள்ளுவது. மட்கார்டில் கை வைக்காதே, தகடு ஒடுங்கும். விளக்கில் வைக்காதே, கையோடு வந்துவிடும். டயரின் தலையில் வை. வைத்துப் பார்த்தேன். சண்டிக் குதிரை போல நின்ற செடான், பிடிவாதம் விட்டு அசைந்தது. கணக்கு எளிது. சக்கரம் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அச்சு ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறதென்றால் டயரின் உச்சி இரண்டு பங்கு உயரத்தில் இருக்கிறது. அங்கே தள்ளினால் பாதி பலம் போதும். பதிலுக்குக் கை இரண்டு மடங்கு தூரம் போகவேண்டும், அவ்வளவுதான். சேற்றில் இறங்கிய மாட்டுவண்டியை வண்டிக்காரர் ஆரக்காலைப் பிடித்துக் கிளப்புவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அம்பாசிடரின் டிக்கியை நாலு பேராக முட்டிக்கொண்டு நின்ற எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு காருக்கு ஆறு பேர். ஸ்டியரிங்கில் ஒருவர், நாலு சக்கரத்துக்கு நாலு பேர், ஆறாமவர் கையில் மரக்கட்டை. பிரேக் பிடிக்கும் என்று யாரும் நம்புவதில்லை. வண்டி உருண்டால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போடுபவர்தான் பிரேக். பிரேக் வடிவமைப்பவனான என்னிடமே அந்தக் கட்டையைக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டுமே குரல் கொடுக்கவேண்டும், வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது என்பவை மற்ற இரண்டு சட்டங்கள். உருளாத வண்டிக்கு, சக்கரத்தை இருபுறமும் கவ்வி, காலால் மிதிக்க மிதிக்கத் தரையிலிருந்து தூக்கும் உருளைத் தாங்கிகள் உண்டு. நாலு சக்கரத்துக்கும் மாட்டிவிட்டால் இரண்டு டன் காரும் நின்ற இடத்திலேயே சுற்றும்.

தள்ளுவது கடைசி வழிதான். இன்ஜின் ஓடி, தானே மேடையேறும் காருக்கு விலை கூடும். மாட்டுச் சந்தையில் மாட்டை நாலடி நடக்கவிட்டுப் பார்க்காமல் யார் விலை பேசுவார்கள்? ஆகவே விடியுமுன் ஒவ்வொன்றையும் உயிர்ப்பித்துப் பார்க்கிறார்கள். இங்கேதான் இந்தக் கிழவர்களின் வித்தை தெரிகிறது.

1940களின் பியூக் ஒன்றில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டார்ட்டர் பட்டனைத் தேடினேன், இல்லை. 'ஆக்ஸிலேட்டரை மிதி' என்றார் ஒருவர். மிதித்ததும் இன்ஜின் சுழன்றது. அதில் ஸ்டார்ட்டரின் சுவிட்சே ஆக்ஸிலேட்டரோடு இணைந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சிட்ரோயன் டிஎஸ், வயிறு தரையைத் தொடுவது போலப் படுத்துக் கிடந்தது. பஞ்சர் என்று நினைத்தேன். ஸ்டார்ட் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எண்ணெய் அழுத்தம் ஏற ஏற, ஒட்டகம் எழுவது போல முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் எழுந்தது. அது முழுதாக எழுமுன் நகர்த்தினால் அடிப்பாகம் போய்விடும். மஞ்சள் நிறச் செக்கர் டாக்சிக்கு மட்டும் தள்ளப் போட்டி. 1982 வரை அந்த டாக்சிகள் இதே கலமசூவில்தான் செய்யப்பட்டன. உள்ளூர்க்காரர்களுக்கு அது வீட்டுப் பிள்ளை.

எனக்குப் பிடித்தது ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட கார். இங்கிருந்து அரை மணி தூரத்தில், ஹிக்கரி கார்னர்ஸில் இருக்கும் கில்மோர் கார் மியூசியத்தில் இதை ஓட்டக் கற்றுத்தருகிறார்கள். போன கோடையில் போய்க் கற்றேன். இருபது வருடம் கார் ஓட்டிய கால் அங்கே எதற்கும் உதவவில்லை. மூன்று பெடல் உண்டு, ஒன்றுகூட ஆக்ஸிலேட்டர் இல்லை. அது ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கக் கைப்பிடி. இடது பெடலை முழுக்க மிதித்தால் முதல் கியர், பாதியில் நியூட்ரல், விட்டுவிட்டால் மேல் கியர். நடுவில் இருப்பது ரிவர்ஸ். வலது ஓரத்தில் பிரேக். கிளட்ச் என்று நினைத்து இடது காலை அழுத்தினால் வண்டி நிற்காது, பாயும்.

அதை எழுப்பும் முறையைப் பெரியவர் செய்து காட்டினார். கைபிரேக்கைக் கடைசி வரை இழுத்தார். ஸ்டியரிங்கின் இடப்பக்கக் கைப்பிடியை மேலே தள்ளினார். தீப்பொறி தாமதமாக விழுவதற்கு அது. முன்னால் வந்து, ரேடியேட்டர் ஓரத்துச் சோக் கம்பியை இழுத்துக்கொண்டு, ஹேண்டிலைக் கால் சுற்றுச் சுற்றாக இரண்டு முறை சுற்றினார். பிறகு சாவியைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். நான் கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கியிருந்தேன். அதைப் பிரித்து மற்ற விரல்களின் பக்கமே வைத்தார். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மடக்கிய கட்டைவிரல் முறியும். பிறகு, 'இடது கையால், கீழிருந்து மேலே இழு. ஒருபோதும் கீழ்நோக்கி அழுத்தாதே' என்றார். 1912 காடிலாக்கில் கெட்டரிங் என்ற பொறியாளரின் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததை ஊரே ஏன் கொண்டாடியது என்பது அப்போது என் மணிக்கட்டுக்குப் புரிந்தது.

மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. உடனே கார் மெல்ல ஊர்ந்து வந்து என் முழங்காலை முட்டியது, பசித்த கன்றுக்குட்டி மாதிரி. குளிரில் எண்ணெய் கெட்டியாகி, கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று விடாமல் இழுப்பதால் வரும் குணம் அது. நான் பின்வாங்க, எல்லோரும் சிரித்தார்கள். யாரோ என் கட்டையை எடுத்துச் சக்கரத்துக்குப் போட்டார்.

கடைசிக் கொட்டகையில் ஒரே ஒரு கூப்பே, ஆண்டுக்கணக்காக அசையாமல் நின்றது. விரல் கனத்துக்குத் தூசி. அதைத் துடைக்கக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். தூசி, யாரும் கைவைக்காத வண்டி என்பதற்குச் சாட்சி. 2013 செப்டம்பரில் நெப்ராஸ்கா மாநிலத்தின் பியர்ஸ் என்ற சிற்றூரில், மூடிக்கிடந்த ஒரு ஷெவர்லே டீலரின் கார்கள் இப்படித்தான் தூசியோடு ஏலத்துக்கு வந்தன. அவற்றில் 1958ஆம் வருடத்துக் கேமியோ பிக்கப் ஒன்று, மொத்தமே 1.3 மைல் ஓடியது, 1,40,000 டாலருக்குப் போனது. அதன் பிறகு தூசி துடைக்கும் துணியை ஏலக்காரர்கள் ஒளித்து வைக்கிறார்கள்.

தள்ளிக்கொண்டு வந்தபோது கூப்பே கொட்டகை வாசல்படியில் தடுக்கி நின்றது. பின்னால் உருளப் பார்த்தது. கட்டை என் காலடியில்தான் கிடந்தது. குனிய மறந்து, இரண்டு கையையும் டிக்கிமேல் ஊன்றிவிட்டேன். பழைய தெருப்பழக்கம். வண்டி நின்றது. கையை எடுத்தபோது தூசியில் பத்து விரலும் ரேகை வரை பதிந்திருந்தன.

பெரியவர் கிட்ட வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். 'பெயின்ட் போனால் அடித்துத் தரலாம். இதை எங்கே போய் வாங்குவேன்?' என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கட்டையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு ஏலம். நம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. இங்கே ஏலக்காரர் மூச்சுவிடாமல் பாட்டாகவே பாடுகிறார். கூட்டத்துக்குள் நிற்கும் அவருடைய ஆட்கள், யாராவது புருவம் உயர்த்தினாலும் கூவுகிறார்கள். ஒரு காருக்கு இரண்டு மூன்று நிமிடம். மாடல் டி தானே மேடையேறியபோது கைதட்டல் எழுந்தது. ஓட்டிக்கொண்டு போன கிழவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. காதைச் சாய்த்து இன்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கியவர் முப்பது வயதுக்காரர். விலை படிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'இதை எப்படி ஸ்டார்ட் செய்வது?' பெரியவர் அவரை ஓரமாக அழைத்துப்போனார். தூரத்திலிருந்து பார்த்தேன். அவருடைய கட்டைவிரலைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ரசீதில் அதற்கு விலை போட்டிருக்கவில்லை.

கூப்பேயை நாங்கள் தள்ளித்தான் ஏற்றினோம், டயரின் தலையில் கை வைத்து. அதுவும் விற்றது. சாயங்காலம் டிரெய்லரில் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் பட்டை போட்டு இறுக்கினார்கள். வாங்கியவர் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, டிக்கிக்கு முன்னால் நின்றார். கைத்தடத்தைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் டிரெய்லர் கதவை மூடினார்.