முடிச்சு நிற்க வேண்டிய இடம்

புதுச்சேரியில் பிளாஸ்டிக் சர்ஜன் என்று போர்டு மாட்டியிருப்பவரிடம் காதுக்காக வருபவர்களில் பெரும்பாலோர், தோட்டின் கனத்தால் ஓட்டை நீண்டு காது அறுந்த பெண்கள்தான். விடைத்த காதோடு பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் குறைவு. வருகிறவர்கள் சொல்வது ஒன்றே: “நல்லா ஒட்ட வச்சிடுங்க டாக்டர்.” செய்யக் கூடாதது அதுதான்.

காது விடைத்து நிற்கப் பொதுவாக இரண்டு காரணம். விளிம்புக்கு உள்ளே ஓட வேண்டிய மடிப்பு விழாமல் தட்டையாக இருக்கும். அல்லது நடுக்குழி ஆழமாகி, மொத்தக் காதையும் வெளியே தள்ளும். சிலருக்கு இரண்டும். தோலை மட்டும் வெட்டி இழுத்துத் தைத்தால் தோல் நெகிழும், காது பழையபடி விடைக்கும். இல்லாத மடிப்பை உண்டாக்குவதுதான் வழி என்று 1910இல் லக்கெட் என்ற அறுவை மருத்துவர் காட்டினார். குருத்தெலும்பை வெட்டாமல், பின்புறமிருந்து நிரந்தரத் தையல் போட்டே மடிப்பை வரவழைக்கும் முறையை 1963இல் முஸ்டார்டே தந்தார். ஆழமான குழியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பின் உறையோடு சேர்த்துக் கட்டும் முறை 1968இல் ஃபர்னாஸ் தந்தது. இன்றும் என் கை போவது இந்த இரண்டு வழியில்தான்.

ஊசி குருத்தெலும்பின் முழுத் தடிமனையும் பிடிக்க வேண்டும். முன்பக்கத் தோலைத் துளைக்கக் கூடாது. தையல்கள் எல்லாம் போட்ட பிறகே முடிச்சுகளை இறுக்குவேன். நூலை இழுக்க இழுக்க முன்னால் மடிப்பு எழும். நேரே பார்க்கும்போது வெளிவிளிம்பு அந்த மடிப்பைத் தாண்டிச் சற்றே தெரிய வேண்டும். முடிச்சு அங்கேயே நிற்க வேண்டும். நடுவில் மட்டும் இறுக்கினால் மேலும் கீழும் பிதுங்கி, பழைய டெலிபோன் ரிசீவர் போல ஆகிவிடும். விளிம்புக்கும் தலைக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால்தான் அது காது. மூக்குக்கண்ணாடியின் கால் உட்காரவும் இடம் வேண்டுமே.

கத்தியைத் தொடும் முன் காது குத்திய இடத்தைத் தடவிப் பார்ப்பேன். அங்கே தழும்பு கட்டியாகத் திரண்டிருந்தால், பின்னால் நான் போடும் கீறலும் அப்படியே திரளலாம். அறுவை முடிந்த இரவில் ஒரு பக்கம் மட்டும் வலி கூடினால், மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காமல் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்.

ஐந்தாறு வயதில் காது ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும். பள்ளியில் கேலி தொடங்கும் வயதும் அதுதான். ஆனால் விடைத்த காதால் கேட்கும் திறன் குறைவதில்லை. எனவே பிள்ளையே கேட்டால் தேதி கொடுப்பேன். பெற்றோருக்கு மட்டும் ஆசை என்றால், ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்பேன். கட்டைப் பிரித்த பிறகும் வாரக்கணக்கில் இரவில் தலைப்பட்டையோடு தூங்கப் போவது அந்தப் பிள்ளைதானே.