மர வாத்தும் ஒரு கயிறும்

மர வாத்து என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில், மேரிலாந்திலுள்ள என் மகள் வீட்டுக்குப் போகும் வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அங்கே செசபீக் விரிகுடாவில் குளிர்காலம் வந்தால் வாத்து வேட்டை. ஒரு நாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களையும் அழைத்துப் போனார். வர்ணம் பூசிய மர வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நடுவில் கொஞ்சம் இடம் காலியாக விட்டார். வருகிற வாத்து இறங்குவதற்காம்! நாங்கள் நாணல் மறைவில் உட்கார்ந்தோம்.

அன்று காற்றே இல்லை. பொம்மைகள் ஆடாமல் அசையாமல் கிடந்தன. வானத்தில் வந்த கூட்டம் ஒரு வட்டமடித்துவிட்டு விலகிப் போய்விட்டது. உடனே பெரியவர் கயிறு ஒன்றைச் சுண்டினார். ஒரு பொம்மை தலையாட்டிற்று. தண்ணீரில் வளையம் வளையமாக அலை பரவியது. அவ்வளவுதான், அடுத்த கூட்டம் சரேலென்று இறங்கிற்று. துப்பாக்கி வெடித்தது.

"முன்பெல்லாம் உயிருள்ள வாத்தையே கட்டிவைப்பார்கள். அது கத்தினால் இனம் தேடி வரும். 1935-ல் சர்க்கார் அதைத் தடுத்துவிட்டது" என்றார் பெரியவர்.

எனக்குச் சுருக்கென்றது. பாவம், தன் இனம் நிம்மதியாக இருக்குமிடம் என்று நம்பித்தானே இறங்கின!

ஊருக்குப் புறப்படுகையில் அவர் ஒரு மர வாத்தைப் பரிசளித்தார். இப்போது அது என் அலமாரியில் இருக்கிறது. கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டேன்.