கயிற்றில் தொங்கிக் காப்பாற்றிய செடி! – கவாயி தீவின் மறைவான தோட்டம்

ஹவாய் தீவுக்கூட்டத்தில் உள்ள கவாயிக்கு ‘தோட்டத் தீவு’ என்றே செல்லப்பெயர். அதன் தெற்குக் கரையில் லாவாயி என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே இருக்கும் ஆலர்டன் தோட்டத்துக்குள் நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. முன்பதிவு செய்ய வேண்டும். சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. தோட்டத்தின் வண்டியில் ஏறி, வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும்.

கணவரையும் ஒரே மகனையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த ஹவாய் அரசி எம்மா, மன ஆறுதல் தேடி வந்து தங்கிய இடம் இது. பின்னர் 1938-ல் சிகாகோவைச் சேர்ந்த செல்வந்தர் ராபர்ட் ஆலர்டன் இதை வாங்கினார். ஜான் கிரெக்குடன் சேர்ந்து, அறை அறையாகப் பிரித்த வீடுபோல இந்தத் தோட்டத்தை அமைத்தார். ஓர் ‘அறை’யில் நீண்ட வாய்க்கால், அதன் இரு முனைகளிலும் வெண்கலக் கடற்கன்னிகள். அங்கே தண்ணீர் அலையலையாக ஓடும்!

எல்லோரும் கேமராவை எடுக்கும் இடம் மோர்டன் பே அத்தி மரங்கள். நம்ம ஊர் ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் உறவு, பூர்வீகம் ஆஸ்திரேலியா. பலகை போன்ற வேர்கள் ஆளை மறைக்கும் அளவுக்கு எழுந்து நிற்கின்றன. 1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில், டைனோசர் முட்டைகளைக் கண்டுபிடிப்பது இந்த வேர்களுக்கு நடுவில்தான்.

ஆனால், அழகைவிடப் பெரிய விஷயம் பக்கத்தில் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் உள்ள மெக்பிரைட் தோட்டம், ஹவாயின் சொந்தத் தாவரங்களுக்கான புகலிடம். அந்தத் தீவுகளின் பூக்கும் தாவரங்களில் பத்துக்கு ஒன்பது உலகில் வேறெங்குமே இயற்கையாக வளராதவை. அங்கே அழிந்தால் அழிந்ததுதான்.

‘அலுலா’ அப்படி ஒரு செடி. தடித்த தண்டின் உச்சியில் முட்டைக்கோஸை வைத்ததுபோல இருக்கும். கடலைப் பார்த்த செங்குத்துப் பாறைகளில் வளர்ந்தது. இதற்கு மகரந்தம் சேர்த்த அந்துப்பூச்சி அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. பூச்சி இல்லையென்றால் விதை ஏது? பூச்சியின் வேலையை மனிதர்களே செய்தார்கள். தாவரவியலாளர் ஸ்டீவ் பெர்ல்மனும் அவருடைய சகாக்களும் கயிறு கட்டிப் பாறையில் இறங்கி, தூரிகையால் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ தடவினார்கள். பிறகு விதைகளைச் சேகரித்துக்கொண்டு வந்தார்கள். இன்று காட்டில் அலுலா ஏறக்குறைய இல்லை. ஆனால், தோட்டங்களில் இருக்கிறது. ஐரோப்பாவில் தொட்டிச் செடியாகவே விற்கிறார்கள்.

இரண்டு தோட்டங்களையும் நடத்துவது, 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் சாசனம் பெற்ற தேசிய வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம். இது லாப நோக்கமற்ற அமைப்பு. பார்வையாளர் கொடுக்கும் கட்டணமும் இந்தக் காப்பாற்றும் வேலைக்கு உதவுகிறது.

போகிறவர்களுக்கு: ஆலர்டன் சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நடக்க வசதியான ஷூ, குடிநீர், கொசு விரட்டி கட்டாயம். மழை எப்போது வேண்டுமானாலும் வரும். முக்கியமாக, டைனோசர் மரத்தோடு செல்ஃபி எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். அலுலா எங்கே என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்!