சம்பாவும் சேவூர் பட்டும்

சம்பான்னதும் நெல்லு ஞாபகம் வந்தா நீங்க நம்ம ஊரு ஆளு. ஆரணிப் பக்கம் பட்டுக்கு எவ்வளவு பேரோ, அரிசிக்கும் அவ்வளவு பேரு. ஆனா இது வேற சம்பா. ஒரே வீட்ல விண்டோஸும் லினக்ஸும் இருந்தா, ரெண்டுக்கும் நடுவுல கோப்புகளைப் பரிமாற உதவுற மென்பொருள்.

சேவூர்ல எங்க வீட்ல ரெண்டு கணினி. ஒண்ணு என்னோட உபுண்டு மடிக்கணினி. இன்னொண்ணு சித்தப்பாவோட எக்ஸ்பி பெட்டி, வயசு இருபதுக்கு மேல. 'ஏன் சாமி இன்னும் எக்ஸ்பி?'ன்னு கேக்காதீங்க. புடவை பார்டருக்கும் முந்தானைக்கும் டிசைன் போடற மென்பொருள் அதுலதான் ஓடும். பிரிண்டர் போர்ட்ல ஒரு பூட்டு செருகினாதான் திறக்கும். புது கணினியில அந்த போர்ட்டே கிடையாது.

தாத்தா வரைஞ்ச கிராஃப் தாளோட ஸ்கேன் எல்லாம் அந்தப் பெட்டியிலதான் இருக்கு. தாளையெல்லாம் கரையான் தின்னு தீர்த்துடுச்சு, ஸ்கேன்தான் மிச்சம். மொத்தம் 30 ஜிபி. போன மாசம் சித்தப்பா போன் பண்ணார்: "இன்னாப்பா இது, பெட்டிக்குள்ள யாரோ பல்லு கடிக்கிறாப்பல கீது." ஹார்ட் டிஸ்க் சாகப் போகுதுன்னு அர்த்தம். சனிக்கிழமையே பஸ் ஏறிட்டேன்.

பென் டிரைவ்ல எடுக்கலாமேன்னு தோணும். அந்தப் பெட்டியில இருக்கறது பழைய யுஎஸ்பி 1.1. நொடிக்கு ஒரு எம்பி வந்தாலே அதிகம். 30 ஜிபிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் டிஸ்க் தாங்கணும். 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் கேபிள்ல போட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும். அதனால கேபிள்தான்னு முடிவு பண்ணேன்.

இங்கதான் சிக்கல். விண்டோஸ் கணினிங்க கோப்பு பரிமாறப் பேசற பாஷைக்கு எஸ்எம்பின்னு பேரு. 1980-கள்ல ஐபிஎம்ல பிறந்து, மைக்ரோசாஃப்ட் கையில வளர்ந்தது. 1992 வாக்குல ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், கேபிள்ல என்ன போகுது என்ன வருதுன்னு ஒட்டுக்கேட்டே இந்தப் பாஷையைக் கத்துக்கிட்டு, யூனிக்ஸ்ல பேச வெச்சார். அதுக்குப் பேரு வைக்க, எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையா வர்ற சொல்லை அகராதியில தேடினப்ப மாட்டினதுதான் 'சம்பா'. 2004-ல ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, நெறிமுறை விவரங்களைக் கொடுக்கணும்னு சொல்லுச்சு. கடைசியில 2007 டிசம்பர்ல சம்பா குழுவுக்கு அந்த ஆவணங்கள் கிடைச்சுது.

எக்ஸ்பிக்குத் தெரிஞ்சது எஸ்எம்பி1 மட்டும்தான். 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் உலகம் பூரா பரவினது அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாத்தான். அதுக்கப்புறம் விண்டோஸும் அதைக் கைகழுவிடுச்சு, 2019-ல வந்த சம்பா 4.11-ம் அதை மூடி வெச்சுடுச்சு. அவங்க செஞ்சது சரிதான். ஆனா தாத்தாவோட யாளியும் அன்னமும் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சே!

நான் செஞ்சது இதுதான். முதல்ல மடிக்கணினியில வைஃபையை அணைச்சேன். ரூட்டரே வேணாம்னு ரெண்டுக்கும் நடுவுல நேரா ஒரு கேபிள். எக்ஸ்பிக்கு 192.168.10.1, எனக்கு 192.168.10.2. எக்ஸ்பியில அந்த ஃபோல்டரைப் பகிர்ந்தேன், மாத்தற அனுமதி கொடுக்காம. உபுண்டுவுல சம்பாவோட அமைப்புக் கோப்புல 'கிளையன்ட் மின் புரோட்டோகால் = என்டி1'னு ஒரு வரி. அவ்வளவுதான், ஃபோல்டர் கண்ணுல பட்டுது. ரொம்ப முக்கியமானதை முதல்ல இழுத்தேன், டிஸ்க் எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் வந்ததும் அந்த வரியை அழிச்சுட்டுத்தான் வைஃபையைப் போட்டேன். இதை மறந்துடாதீங்க மக்களே.

கோப்பு ஓடிட்டு இருந்த நேரத்துல சித்தப்பா ஒரு ஜக்கார்டு அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சார். ஓட்டை இருந்தா ஊசி உள்ள போகும், இழை மேல ஏறும். இல்லன்னா ஏறாது. 1804-ல ஜக்கார்டு பிரான்ஸ்ல கொண்டுவந்த முறை. நம்ம ஒண்ணு, பூஜ்யம் கணக்கேதான். அவருக்கு அதைப் படிக்க மென்பொருளும் வேணாம், பூட்டும் வேணாம். எனக்கு அப்பதான் உறைச்சுது, கோப்பை மட்டும் காப்பாத்தினா போதாதுன்னு. டிசைன் மென்பொருளோட சொந்த வடிவத்துல இருந்ததையெல்லாம் அன்னிக்கு ராத்திரியே பிஎம்பியா மாத்தி, அதையும் இழுத்து, ரெண்டு இடத்துல வெச்சேன்.

டிஸ்க் இன்னும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் கீது. கடிச்சுட்டுப் போகட்டும். அடுத்த முகூர்த்தத்துக்கு சித்தப்பா தாத்தாவோட அன்னத்தை பார்டர்ல போடப் போறாராம்.

உங்க வீட்ல இப்படி ஒரு கிழட்டுப் பெட்டி இருந்தா, சத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.