சோ மோரிரிக்கு ஏழு நாள் நடை

ஏரி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது நீண்ட கரை, மதகு, கலிங்கு, அதற்கப்பால் பச்சைப் பசேலென்ற வயல்வெளி. லடாக்கிலுள்ள சோ மோரிரிக்கு இவற்றில் ஒன்றுமே கிடையாது. கடல் மட்டத்துக்குச் சுமார் 14,800 அடி உயரத்தில், பதினாறு மைல் நீளத்துக்கு அது நீலமாய்க் கிடக்கிறது. பனிமலைகளிலிருந்து ஓடைகள் வந்து விழுகின்றன. வெளியேறும் ஆறு ஒன்றுகூட இல்லை. வந்த நீர் வெயிலிலும் காற்றிலும் ஆவியாக வேண்டியதுதான். ஆகவே தண்ணீர் சற்று உவர்ப்பு.

ஏரிக்கரையிலுள்ள கர்ஸோக் கிராமம் வரை மோட்டார் போகிறது. லே நகரில் காலையில் ஏறினால் மாலைக்குள் இறங்கிவிடலாம். அப்படியிருக்க, ரும்ட்ஸே என்ற சிற்றூரிலிருந்து ஏழு நாள் நடந்து போவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நடப்பவனுக்குத்தான் சாங்தாங் பீடபூமி தன் முகத்தைக் காட்டுகிறது என்பதே நாம் சொல்லக்கூடிய விடை.

முதலில் லேயில் இரண்டு நாள் சும்மா இருந்தோம். மலைக் காற்றுக்கு உடம்பு பழக வேண்டுமாம். ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி, ஒரு சமையற்காரர், மூட்டை சுமக்கச் சில குதிரைகள். வழிகாட்டி சாங்தாங்கிலேயே பிறந்தவர். அதிகம் பேசாத மனிதர்.

கியாமார் கணவாய்க்கு இப்பால் கூடாரமடித்த முதல் இரவே சோதனை வந்தது. நம்முடன் வந்த தஞ்சாவூர் நண்பர் இரவு முழுவதும் தலைவலியால் துடித்தார். விடியும்போது வாந்தி, நாலடி நடந்தால் தள்ளாட்டம். "ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா?" என்று அவர் வாதாடினார். வழிகாட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, நடை தள்ளாடத் தொடங்கிவிட்டால் மேலே ஏறக் கூடாது. கீழே இறங்குவது ஒன்றுதான் மருந்து. உங்களை மேலே அழைத்துப் போக என்னால் முடியாது" என்று அடக்கமாகவே சொன்னார். அந்தக் குரலுக்கு அப்பீல் இல்லை. ஒரு குதிரையில் ஏற்றி, ஆள் துணையுடன் ரும்ட்ஸேக்கும், அங்கிருந்து வண்டியில் லேக்கும் அனுப்பினார். அன்றிரவே தலைவலி தணிந்துவிட்டதாகப் பின்னால் அறிந்தோம். 17,000 அடிக்கு மேல் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். அதற்குமேல் ஆண்மை பேசிப் பயனில்லை.

சமையலும் இங்கே வேறு சாஸ்திரம். தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அரிசியோ விறைத்துக்கொண்டு நிற்கிறது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் நம்மவர் பட்டினிதான்!

மூன்றாம் நாள் சோ கர் ஏரியைக் கண்டோம். கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. சாங்பா இடையர்கள் முன்னாளில் இந்த உப்பை வாரி, சிறு பைகளில் கட்டி, ஆடுகளின் முதுகில் ஏற்றிக் கீழ்ப் பள்ளத்தாக்குகளுக்குப் போய் வாற்கோதுமை மாற்றி வருவார்கள். அந்த வியாபாரம் மறைந்துவிட்டது. சமவெளியில் கியாங் என்னும் காட்டுக் கழுதைக் கூட்டம் நம்மைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு புழுதி கிளப்பி ஓடி மறைந்தது.

வழியில் சாங்பாக்களின் கூடாரமொன்றில் உட்கார இடம் கொடுத்தார்கள். யாக் மயிரால் நெய்த கறுப்புக் கூடாரம். நடுவே அடுப்பு, எரிபொருள், நம் ஊரைப் போலவே, வறட்டி! வெண்ணெயும் உப்பும் இட்ட தேநீர் முதல் மடக்கில் திகைக்க வைத்தது. மூன்றாம் கிண்ணத்தை நாமே கேட்டு வாங்கினோம். பஷ்மீனா சால்வைக்கான மெல்லிய ரோமம் இவர்களுடைய ஆடுகளிலிருந்துதான் சீவி எடுக்கப்படுகிறது. 2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெய்த கடும் பனியில் மேய்ச்சலின்றி ஆயிரக்கணக்கான ஆடுகள் மாண்டன. கூடாரத்துக் கிழவியின் பிள்ளைகள் இருவரும் லேயில் வேலைக்குப் போய்விட்டார்கள். "ஆட்டைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

கடைசிக் கணவாயை மூச்சு வாங்க வாங்கக் கடந்து, சரிவில் இறங்கி, ஏரியை அடைந்தோம். ஒரு மேகம் நகர்ந்தால் நீலம் கறுக்கிறது. அது விலகினால் பச்சை கலக்கிறது. கரையோரச் சதுப்பில் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளுடன் வாத்துகள் குஞ்சுகளை மேய்த்துக்கொண்டிருந்தன. இமயத்தைக் கடந்து செல்லும் இவை 20,000 அடிக்கும் மேலே பறந்ததைக் கருவி பூட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். இதே இனத்துப் பறவைகள் குளிர்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாக் கூந்தன்குளத்துக்கு வருகின்றன!

2002-ல் சோ மோரிரி, ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் தரையில் கூடு கட்டும் கருங்கழுத்துக் கொக்குகளின் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் தெருநாய்கள் யமனாயிருக்கின்றன. முகாம்களில் வீசப்படும் எச்சில் சோறு அவற்றை வளர்க்கிறது. நம் வழிகாட்டி ஒவ்வோர் இரவும் மிச்சத்தைச் சாக்கில் கட்டிக் குதிரையில் ஏற்றியதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

கூந்தன்குளத்துச் செய்தியை அவரிடம் சொன்னோம். அங்கே பறவைகள் மிரளுமென்று ஊரார் வெடிகூட வெடிப்பதில்லை என்றதும், அவர் சற்று நேரம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊரில் பனி பெய்யுமா?" என்று கேட்டார்.

இல்லை என்றோம். சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கர்ஸோக்கை நோக்கி நடந்தார், நாமும் பின்தொடர்ந்தோம்.